‘வராது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்

மார்ச் 2, காலை – கேள்வி

முப்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது. தொடக்கம் நன்றாகத்தான் போனது, ரிகர்ஷன் (நிரலின் ஒரு பகுதி தன்னையே மறுபடி அழைப்பது) வந்ததும் நின்றுவிட்டேன். மூன்று வாரமாக அதே பாடம், அதே காணொளி, மண்டையில் ஏறவே இல்லை. என்னோடு சேர்ந்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். யாரிடம் சொன்னாலும் ‘மனநிலையை மாற்று, வளர்ச்சி மனப்பான்மை வேண்டும்’ என்கிறார்கள். திறமை பிறவியோடு முடிவதில்லை, வளர்த்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டுமாம். எனக்கு அது வெறும் பேச்சாகத் தெரிகிறது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. அதை ஒப்புக்கொள்வதுதானே நேர்மை?

மார்ச் 2, இரவு – பதில்

‘சிலருக்கு வராது’ என்ற இடத்தில்தான் எனக்குத் தடுக்கிறது. தமிழில் இந்த ‘வராது’ பொல்லாத சொல். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒருவர் சொன்னால், இன்றுவரை வரவில்லை என்பதையும் இனி வரப்போவதில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ‘வரவில்லை’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நடந்ததை மட்டும் சொல்கிறது, நாளையைத் தொடவில்லை.

எனக்குக் கணக்கு வராது என்று பதிமூன்று வயதில் ஓர் ஆசிரியர் சொன்னார். திட்டிச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்திருப்பேன், அவர் மிகவும் பரிவோடு, ‘பரவாயில்லை, உனக்கு இது வராது, நீ வேறு பாடத்தில் கவனம் வை’ என்றார். முப்பது வருடம் அதைச் சுமந்தேன். நாற்பத்து மூன்றில் வேலைக்குப் புள்ளியியல் தேவைப்பட்டது, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன், இப்போது அதில்தான் பிழைப்பு. ஆகவே முயற்சி செய்தால் வரும், விடாதீர்கள்.

மார்ச் 3

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். ‘முயற்சி செய்தால் வரும்’ என்பது என் கதையிலேயே உண்மை இல்லை. முதல் எட்டு மாதம் நான் செய்தது முழுக்க முயற்சிதான், தினமும் இரண்டு மணி நேரம், ஒரே பாடத்தை ஏழெட்டு முறை படித்தேன், எதுவும் நகரவில்லை. மூன்று வாரம் ஒரே காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘இன்னும் முயற்சி செய்’ என்று சொன்னது தவறு. நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு முயல்கிறீர்கள். நகர்ந்தது எப்படி என்பதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 5

நான் மாட்டிக்கொண்ட இடம் நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று தெரிந்தபின் இன்னொன்றுக்கு வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு. எல்லாப் பாடத்திலும் வரும் அதே கணக்குதான்: ஒரு நோய் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது, அவருக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

சூத்திரம் எனக்கு மனப்பாடம். எண்களைப் போட்டால் விடையும் வரும். ஆனால் அந்த விடை ஏன் அவ்வளவு சிறியது என்று யாராவது கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது, அடுத்த நாள் கேள்வியைக் கொஞ்சம் புரட்டிக் கேட்டால் சூத்திரத்தில் எதை மேலே போடுவது எதைக் கீழே போடுவது என்று கை நடுங்கும். இப்படியே எட்டு மாதம். ஒவ்வொரு முறையும் ‘பார், அந்த ஆசிரியர் சொன்னது சரிதான்’ என்று உள்ளே ஒரு குரல்.

ஒரு நாள் வேலையிடத்தில் மூத்த அக்கா ஒருவர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ‘சதவீதத்தை விடு, ஆயிரம் பேரை எடுத்துக்கொள்’ என்றார். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய். அந்த 10 பேரில் 9 பேருக்குப் பரிசோதனை சரியாகச் சொல்லும். மீதி 990 பேர் நோயில்லாதவர்கள், அவர்களில் 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 89 பேர், அவர்களுக்கும் தவறாக ‘இருக்கிறது’ என்று வரும். ஆக ‘இருக்கிறது’ என்று சொல்லப்பட்டவர்கள் மொத்தம் 98 பேர், அதில் உண்மையான நோயாளிகள் 9 பேர். பத்தில் ஒருவர்கூட இல்லை.

அவ்வளவுதான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு மாதம் அசையாதது எப்படி அசைந்தது என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன், சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது, இது இவ்வளவு எளிது என்றால் என்னை ஏன் இத்தனை வருடம் முட்டாள் என்று நினைக்க விட்டார்கள் என்று. பிறகு தெரிந்துகொண்டேன், கெர்ட் கிகெரென்சர், உல்ரிக் ஹாஃப்ராகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இதே மாதிரிக் கணக்குகளைச் சதவீதமாகக் கொடுத்தால் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஆயிரம் பேரில் இத்தனை பேர் என்று கொடுத்தால் சரியாகப் போடுபவர்கள் பெருமளவு கூடுகிறார்கள். தடுமாறியவர்களில் குறை இல்லை, எண்களைக் கொடுத்த விதத்தில்தான் இருந்தது.

ரிகர்ஷனுக்கு வருகிறேன். காணொளியை நிறுத்துங்கள். ஒரு காகிதம் எடுத்து, 3-இன் ஃபேக்டோரியலை (3 × 2 × 1) கணினி எப்படிக் கணக்கிடும் என்று நீங்களே கணினியாக இருந்து எழுதுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு பெட்டி. எந்தப் பெட்டியில் அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் கை நிற்கிறதோ அதுதான் உங்கள் இடம். ‘ரிகர்ஷன் புரியவில்லை’ என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, ‘இரண்டாவது பெட்டி முடிந்ததும் எங்கே திரும்புகிறது என்று தெரியவில்லை’ என்பதற்கு யாரும் பதில் சொல்லலாம்.

மார்ச் 6

இதெல்லாம் சரி, வளர்ச்சி மனப்பான்மைக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் சுவரொட்டியில் போடும் அளவுக்கு இல்லை.

கரோல் டுவெக் என்ற உளவியலாளர்தான் இந்தப் பேச்சின் மூலம். அவரும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் சுமாரான கடினத்தில் ஒரு புதிர்த் தொகுப்பு, முடித்ததும் ஒரே ஒரு வரிப் பாராட்டு. சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்ற பொருளில், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்ற பொருளில். அடுத்து மிகக் கடினமான தொகுப்பு, எல்லோரும் தடுமாறினார்கள். மூன்றாவது, முதலாவதைப் போன்றே கடினம். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் முதல் தடவையைவிடக் குறைவாகச் செய்தார்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். இன்னொன்றும் நடந்தது: மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் மற்றவர்களைவிட அதிகம் பேர் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒரு பாராட்டைக் காப்பாற்றப் பொய் எண் எழுதுகிறது, இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

ஆனால் 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மனப்பான்மைக்கும் படிப்பில் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, பயிற்சிகளின் பலனும் மொத்தத்தில் சிறியது என்றார்கள். 2019-இல் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் 0.1 கூடியது.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

0.1 என்றால் நூற்றுக்கு இல்லை, அவர்களின் 4 புள்ளி அளவுகோலில். குழப்பியதற்கு மன்னிக்கவும். சின்னது என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு அது மோசம் இல்லை. உடன் படிக்கிறவர்கள் கடினமானதை எடுத்துக்கொள்வதை ஊக்குவிக்கிற பள்ளிகளில்தான் அந்தப் பலன் நிலைத்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. விதை எப்படி இருந்தாலும் மண் வேண்டுமே. ஆகவே நண்பரே, ‘மனநிலையை மாற்று’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் உங்களுக்கு வந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. டுவெக்கே 2015 வாக்கில், வெறுமனே ‘முயற்சி செய்’ என்று சொல்வதை வளர்ச்சி மனப்பான்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என வருத்தப்பட்டு எழுதினார். முயல வேண்டும், வழியை மாற்ற வேண்டும், தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். மூன்றும் வேண்டும்.

மார்ச் 9

‘நேற்றுப் புரிந்தது, இன்று மறந்துவிட்டது, என் மூளையில் ஏதோ கோளாறு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதே பயத்தில் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் நினைவையும் மறதியையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு ஆள் அவரேதான். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அளந்த முறை எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது: மறந்த வரிசையை மறுபடி கற்க எவ்வளவு நேரம் குறைகிறது என்பதைத்தான் அவர் அளந்தார். அடியோடு மறந்துபோனதாகத் தோன்றினாலும் இரண்டாம் முறை வேகமாக வருகிறது. போனது முழுக்கப் போகவில்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வு இன்னும் நேரடியானது. மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு குழு அதையே மறுபடி படித்தது, இன்னொரு குழு மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால், 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, மறுபடி படித்தவர்களுக்கு 42. நான் ஏழெட்டு முறை படித்ததெல்லாம் அந்த முதல் வகை. படித்து முடிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நம்பித்தான் மோசம் போனேன். மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் எழுதும்போது நாலு வரிக்கு மேல் வராது (பாருங்கள், நானே ‘வராது’ என்று எழுதுகிறேன்), எரிச்சலாக இருக்கும், ஆனால் ஒரு வாரம் கழித்து மிச்சம் இருந்தது அந்த எரிச்சலோடு எழுதியதுதான். ராபர்ட் பியோர்க் என்பவர் 1994-இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘விரும்பத்தக்க சிரமங்கள்’.

மார்ச் 10

எல்லாச் சிரமமும் விரும்பத்தக்கதா என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் மேலே உள்ளதோடு முட்டுவதில் பயனே இல்லை. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: இன்றைக்குச் செய்த தவறு நேற்றைய தவறிலிருந்து வேறாக இருக்கிறதா? வேறாக இருந்தால் தொடர்வேன். அதே தவறு மூன்று நாளாக அப்படியே வந்தால் அன்றோடு அந்த வழியை நிறுத்திவிட்டு, ஒரு படி கீழே இறங்குவேன் அல்லது யாரையாவது கேட்பேன். இதற்கு ஆய்வு எதுவும் காட்ட மாட்டேன், என் அனுபவம் மட்டும்தான்.

மார்ச் 13

மூளை வளரும் என்பதற்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்களை ஒருவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

அங்கே உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும், அதற்குச் சாதாரணமாக மூன்று நான்கு வருடம் ஆகும். எலினார் மக்வாயர் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2000-இல், இந்த ஓட்டுநர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸின் (நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் பகுதி) பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டினார். பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற சந்தேகம் இருந்தது. அதனால் கேத்தரின் வூலட்டோடு சேர்ந்து பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார். தொடக்கத்தில் யார் மூளையிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சில வருடம் கழித்து, தேர்ச்சி பெற்றவர்களிடம் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. இது 2011-இல் வெளிவந்தது.

மறுபாதி என்னவென்றால் 79 பேரில் தேர்ச்சி பெற்றவர்கள் 39 பேர்தான். தேறாதவர்களில் மறுபடி சோதிக்கப்பட்டவர்களிடம் அந்த வளர்ச்சி தெரியவில்லை. தேறியவர்கள் வாரத்துக்குக் கூடுதல் நேரம் பயிற்சி செய்திருந்தார்கள். அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கிறேன். வீட்டில் குழந்தை, இன்னொரு வேலை, உடம்பு சரியில்லாதது, கடன், இதெல்லாம் மனப்பான்மையில் சேராது. விட்டுவிட்டவர்களைப் பார்த்து ‘உனக்கு மனஉறுதி இல்லை’ என்று சொல்வது எனக்குப் பொறுக்காது, ஏனென்றால் நானே ஒருமுறை நான்கு மாதம் எல்லாவற்றையும் மூடி வைத்தேன், அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அந்த நான்கு மாதம் நான் படிக்காதது தோல்வி இல்லை. ஒரு பாடத்தை நிறுத்த முடிவு செய்வதும் சில நேரம் சரியான முடிவுதான், ‘எனக்கு இது வராது’ என்று நிறுத்தாமல் ‘இப்போது என் நேரம் வேறெங்கோ வேண்டியிருக்கிறது’ என்று நிறுத்தினால் திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்தே இருக்கும்.

மார்ச் 20

கேள்வி கேட்ட நண்பர் பத்து நாளாகப் புத்தகத்தைத் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறார். காகிதத்தில் எழுதிப் பார்த்தாராம், இரண்டாவது பெட்டியிலேயே நின்றுவிட்டதாம், அன்றோடு வெறுத்துப் போச்சு என்கிறார்.

மீண்டெழுவது பற்றி எனக்கு நீண்ட காலம் ஒரு தவறான எண்ணம் இருந்தது, அடிபட்டாலும் கலங்காமல் நிற்பதுதான் அது என்று. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த சோதனை எல்லோருக்கும் தெரிந்ததே: தன்னால் நிறுத்தவே முடியாத மின்அதிர்ச்சிகளை வாங்கிய நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக்கொண்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தாங்கள் சொன்னதைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் உடல் செயலற்றுப்போவது இயல்பாகவே நடப்பது, யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ‘நான் செய்வதால் ஏதோ மாறுகிறது’ என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள். தனக்குப் புகழ் வாங்கித் தந்த கண்டுபிடிப்பையே ஒருவர் இப்படித் திருத்தி எழுதுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதனால் நண்பரே, பத்து நாள் சுருண்டு கிடந்ததற்காக உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் மறுபடி தொடங்கும்போது ரிகர்ஷனில் தொடங்காதீர்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த சின்ன நிரல் ஒன்றை எழுதி ஓட்டுங்கள், அதில் ஒரு வரியை மாற்றுங்கள், விளைவு மாறுவதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் இரண்டாவது பெட்டியில் நின்றுவிட்டது என்கிறீர்களே, மூன்று வாரமாகத் தேடிய இடம் அதுதானே! அதை இங்கே எழுதுங்கள், நம்மில் யாராவது உட்கார்ந்து பார்க்கிறோம்.

மார்ச் 21

நேற்றையதோடு சேர்த்து ஒன்று. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சச்சரவு போன்ற பல நெருக்கடிகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளானார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தது. என் காகிதத்தைப் பார்த்த அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். அவர் ‘நீ சாதிப்பாய்’ என்றெல்லாம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏப்ரல் 4

மகளுக்கு ஒன்பது வயது. மார்ச் 6 குறிப்பில் பாராட்டைப் பற்றி எழுதிவிட்டு, வீட்டில் ‘நன்றாக உழைத்தாய், நன்றாக உழைத்தாய்’ என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவள், ‘அப்பா, நான் உழைக்கவே இல்லை, அது ரொம்ப ஈசி’ என்றாள். சரிதான். எளிதான கணக்குக்கு உழைப்பைப் பாராட்டினால், அவளுக்கு இதுவே கஷ்டம் என்று நான் நினைப்பதாக ஆகிறது. இப்போது பாராட்டைக் குறைத்துவிட்டு, ‘எப்படிப் போட்டாய், காட்டு’ என்று கேட்கிறேன். அவள் காட்டுகிறாள், சில நேரம் பாதியில் தானே தவறைப் பார்த்து அழிக்கிறாள்.

ஏப்ரல் 26

நண்பரின் புதிய பதிவைப் படித்தேன். விஷயம் இதுதான்: கடைசி அழைப்பு விடை தந்ததும் நிரல் மொத்தமாக வெளியே வந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார், ஒவ்வொரு பெட்டியும் தன்னை அழைத்த பெட்டிக்கு மட்டுமே விடையைத் தருகிறது என்பது தெரியவில்லை. 1-இன் விடையான 1, இரண்டாவது பெட்டிக்குப் போய் 2 ஆகி, முதல் பெட்டிக்குப் போய் 6 ஆவதை ஒருவர் வரிசையாக வரைந்து காட்டியிருக்கிறார். அடுத்து மரவடிவத் தரவில் (கிளை கிளையாகப் பிரியும் தரவு அமைப்பு) மாட்டியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார், எந்த வரியில் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். மார்ச் 2 கேள்வியோடு இதை வைத்துப் பார்த்தேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது என் முறை. நம்பக இடைவெளியில், அதாவது உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று மாதிரியை வைத்துச் சொல்லும் கணக்கில், மூன்று வாரமாக நிற்கிறேன். 95 சதவீத இடைவெளி என்றால், ஒரே வழிமுறைப்படி 100 மாதிரிகள் எடுத்து 100 இடைவெளிகள் கணக்கிட்டால் அவற்றில் ஏறத்தாழ 95-இல் உண்மையான மதிப்பு அடங்கும், இதுவரை புரிகிறது, படமாக வரையவும் முடிகிறது. ஆனால் என் கையில் இருக்கும் இந்த ஓர் இடைவெளியைக் காட்டி, ‘இதற்குள் உண்மை மதிப்பு இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். அந்த 100-இல் ஒன்றுதானே இது? ஒன்றை எடுத்துக் கையில் வைத்ததும் என்ன மாறிவிடுகிறது? இந்த இடத்தில்தான் என் கை நிற்கிறது. தெரிந்தவர்கள் வரைந்து காட்டுங்கள்.